பல்புக்குச் சாப்பாடு போகவில்லை

எங்கள் வீட்டு அம்பாசிடர் 1988-ல் வாங்கியது. பாம்பனில் கார் போகிற பாலம் திறந்ததும் அதே வருடம்தான். அதற்கு முன்னால் ராமேஸ்வரம் போக வேண்டுமென்றால் மண்டபத்தில் வண்டியை விட்டுவிட்டு ரயில் ஏற வேண்டும். பாலம் திறந்த கொஞ்ச நாளிலேயே பாட்டியை முன்சீட்டில் உட்கார வைத்து அக்கரை வரை ஓட்டிப்போன கதையை அப்பா எத்தனையோ முறை சொல்லியிருக்கிறார். அப்பா போய் ஒன்பது வருடம் ஆகிறது. வண்டி இப்போது என்னிடம் இருக்கிறது. டீசல், மார்க் 4. விற்கச் சொல்லி நிறையப் பேர் கேட்டாயிற்று. விற்பதாக இல்லை.

எனக்குத் தேவிபட்டினத்தில் வலைக்கடை. வலை, கயிறு, மிதவை, ஈயக்குண்டு எல்லாம் விற்கிறேன். வாரத்துக்கு இரண்டு நாள் தொண்டிப் பக்கம் சரக்குப் போட்டு, வசூல் முடித்துத் திரும்ப ராத்திரி ஒன்பது, பத்து ஆகிவிடும். கிழக்குக் கடற்கரைச் சாலையில் அந்த நேரத்தில் வண்டி ஓட்டியவர்களுக்குத் தெரியும். தெருவிளக்கு ஊருக்குள் மட்டும்தான். ஊர் தாண்டினால் இரண்டு பக்கமும் சீமைக்கருவேலம், அதற்குப் பின்னால் உவர் நிலம், அதற்கும் பின்னால் கடல். சில இடங்களில் கரி மூட்டம் போட்டிருப்பார்கள், அதன் புகை தாழ்வாக வந்து ரோட்டில் படுத்துக் கிடக்கும். மாடுகளுக்கும் தார்ச் சூடு பிடிக்கும், அதனால் அவையும் ரோட்டில்தான் படுக்கும்.

போன கார்த்திகையில் ஒரு ராத்திரி. மழை விட்டு அரை மணி நேரம் இருக்கும். உப்பூர் தாண்டி வருகிறேன், எதிரே ஒரு பஸ், ஹைபீமைக் குறைக்கவே இல்லை. நனைந்த தார் வேறு. அது நம் வெளிச்சத்தை முன்னால் வழுக்கி விட்டுவிடும், நம் கண்ணுக்குத் திருப்பித் தராது. பஸ் கடந்த அடுத்த நொடியில் என் இடப்பக்கம் ஒரு சைக்கிள். அதன் கேரியரில் இரண்டு பக்கமும் நீட்டிக்கொண்டு விறகுக்கட்டு. வயதானவர் ஒருவர் அதைத் தள்ளிக்கொண்டு போகிறார். பிரேக்கை மிதித்து வலப்பக்கம் ஒடித்தேன். வண்டி கொஞ்சம் வழுக்கி நின்றது. இறங்கிப் பார்த்தால் விறகு முனைக்கும் என் கதவுக்கும் நடுவே ஒரு முழம்கூட இருந்திருக்காது.

"ஐயா, அடி ஏதும் படலையே?" என்றேன். அவர் என்னையும் வண்டியையும் பார்த்தார். "ஒண்ணுமில்லப்பா. பாத்துப் போ" என்று சொல்லிவிட்டு மறுபடியும் தள்ள ஆரம்பித்துவிட்டார்.

அன்றைக்கு எனக்குத் தூக்கம் வரவில்லை. 60 கிலோமீட்டர் வேகத்தில் போனால் ஒரு நொடிக்கு 16 மீட்டருக்கு மேல் வண்டி நகர்ந்துவிடும். ஆளைப் பார்த்து, கால் பிரேக்குக்குப் போவதற்குள்ளேயே ஒரு நொடி போய்விடும். என் டிம் லைட் எனக்குக் காட்டிய தூரம் இருபது மீட்டர் இருந்தால் அதிகம். அப்படியானால் இத்தனை வருடமும் நான் ரோட்டைப் பார்த்து ஓட்டவில்லை, ரோடு காலியாக இருக்கும் என்று நம்பி ஓட்டியிருக்கிறேன்.

சரி, லைட்டை மாற்றிவிடலாம் என்று முடிவு செய்தேன். தொண்டியில் என் கூட்டாளி ஒருவன், "மச்சான், எல்இடி பல்ப் வாங்கிப் போடுடா, பகல் மாதிரி இருக்கும்" என்றான். வாங்கிப் போட்டேன். பழைய பல்பைக் கழற்றிவிட்டு அதே இடத்தில் செருகுகிற வகை. வீட்டு வாசலில் போட்டுப் பார்த்தபோது எதிர்ச்சுவரெல்லாம் வெள்ளை வெளேரென்று ஆகிவிட்டது. எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

ரோட்டில் போனபோதுதான் விஷயம் தெரிந்தது. வண்டிக்கு முன்னால் பத்து மீட்டர் தரை பளீரென்று இருக்கிறது, அதற்கு அப்பால் ஒன்றும் இல்லை. கிட்டத்தில் இருக்கும் பளிச்சென்ற வெளிச்சத்துக்குக் கண் பழகிவிட்டால் தூரத்து இருட்டு இன்னும் இருட்டாகிவிடும். கரி மூட்டப் புகையில் அந்த நீலம் கலந்த வெள்ளை ஒரு சுவர் மாதிரி எழுந்து நின்றது. எதிரே வந்த வண்டியெல்லாம் எனக்கு லைட் அடித்துக் காட்டியது. திருப்பாலைக்குடியில் டீ குடிக்க நிறுத்தினேன். பின்னாலேயே நிறுத்திய ஒரு மீன் லாரி டிரைவர் வந்து, "அண்ணே, சற்று முந்தி உப்பூர்ல எதிர வந்து திரும்பினேன், உங்க வண்டிதானே அது? டிம் போட்டீங்களா இல்லையான்னே தெரியல. கண்ணு அவிஞ்சு போச்சு" என்றார். சண்டை போடும் குரலில் சொல்லவில்லை. அதனால்தான் இன்னும் உறைத்தது. பஸ்காரர் எனக்குச் செய்ததை நான் ஊருக்கே செய்துகொண்டிருந்தேன்.

காரணம் பிறகு புரிந்தது. எங்கள் வண்டியில் இருப்பது எச்-4 வகை விளக்கு. ஒரே பல்புக்குள் இரண்டு இழை. டிம்முக்கான இழைக்குக் கீழே ஒரு சின்ன உலோகக் கிண்ணம் இருக்கும். அது கீழ்ப்பக்கம் போகிற வெளிச்சத்தை மறைத்துவிடும், அதனால் பல்புக்குப் பின்னால் வெளிச்சத்தைத் திருப்பிவிடுகிற பளபளப்பான விளக்குக் கிண்ணியில் மேல் பாதி மட்டும் வேலை செய்து வெளிச்சத்தைத் தரைக்கு இறக்கும். அந்த விளக்குக் கிண்ணியின் வளைவு முழுக்க அந்த இழை இருக்கும் புள்ளியை வைத்துப் போட்ட கணக்கு. எல்இடி பல்பில் சில்லுகள் ஒரு தட்டின் இரண்டு பக்கமும் ஒட்டியிருக்கும். ஒன்றிரண்டு மில்லிமீட்டர் விலகினாலே போதும், வெளிச்சம் போகக் கூடாத இடத்துக்கெல்லாம் போகும். எல்இடிக்கென்றே வடிவமைத்த முழு விளக்கு வேறு, இது வேறு. அன்று ராத்திரியே கழற்றி வைத்துவிட்டேன்.

அப்புறம்தான் ராமநாதபுரத்தில் அப்பா காலத்திலிருந்து எங்கள் வண்டி பார்க்கிற ஆட்டோ எலக்ட்ரீஷியன் பாயிடம் போனேன். முதலிலேயே போயிருக்க வேண்டும். "பாய், 100/90 வாட் பல்ப் போட்டுடலாமா?" என்று கேட்டேன். ஹைக்கு 100 வாட், டிம்முக்கு 90 வாட் இழுக்கிற பெரிய பல்ப் அது. அவர் பதில் சொல்லவில்லை. பானெட்டைத் திறந்து, வோல்ட் அளக்கிற மல்டிமீட்டரை எடுத்தார். எஞ்சினை ஓடவிட்டு, டிம் லைட்டைப் போடச் சொன்னார். பேட்டரி முனையில் வைத்தார்: 13.9 வோல்ட். பிறகு இடப்பக்க லைட்டின் குரோம் வளையத்தைக் கழற்றி, பல்புக்குப் பின்னால் இருக்கும் ஹோல்டரில் ஊசியை வைத்தார். 10.8.

மீட்டரை என் பக்கம் திருப்பிக் காட்டிவிட்டுச் சொன்னார்: "பல்புக்குச் சாப்பாடே போகல தம்பி. அதைக் குறை சொல்லி என்ன செய்ய?"

இந்த ஒரு எண்ணை விளக்கமாகச் சொல்லிவிடுகிறேன், பழைய வண்டி வைத்திருக்கிற யாருக்கும் இது பயன்படும். எச்-4 மாதிரியான ஹாலஜன் பல்பில் வோல்ட் குறைந்தால் வெளிச்சம் அதே கணக்கில் குறையாது, பல மடங்கு குறையும். பத்து சதவீதம் வோல்ட் குறைந்தால் வெளிச்சம் முப்பது சதவீதம் போய்விடும். எச்-4 பல்பின் வெளிச்சத்தை அளப்பது 13.2 வோல்ட்டில். அந்த அளவில் டிம் 1000 லூமென், ஹை 1650 லூமென் தர வேண்டும் (லூமென் என்பது வெளிச்சத்தை அளக்கும் அலகு). 10.8 வோல்ட்தான் கிடைக்கிறது என்றால் அதில் பாதிதான் வரும். அதாவது நல்ல பல்ப் இரண்டு இருந்தும் ஒரு பல்பின் வெளிச்சத்தில் நான் இத்தனை நாள் ஓட்டியிருக்கிறேன். மஞ்சளாகத் தெரிந்ததற்கும் இதுதான் காரணம். பல்பை மாற்று பல்பை மாற்று என்று எல்லோரும் சொல்கிறோம், அந்தப் பல்ப் வரை கரண்ட் வருகிறதா என்று யாரும் பார்ப்பதில்லை.

மூன்று வோல்ட் எங்கே போனது? எங்கள் வண்டியில் டிம்–ஹை மாற்றும் சுவிட்ச் காலடியில் இருக்கிறது. கிளட்சுக்கு இடப்பக்கம், தரையில், இடது பாதத்தால் அமுக்க வேண்டும். பேட்டரியில் கிளம்பும் கரண்ட் டேஷ்போர்டு சுவிட்சுக்குப் போய், அங்கிருந்து இந்தக் கால் சுவிட்சுக்கு இறங்கி, மறுபடியும் முன்னால் ஓடி விளக்குக்குப் போகிறது. வண்டி வாங்கும்போது இருந்தவை 45/40 வாட் சாதா பல்புகள். பிறகு அப்பா எச்-4 போட்டார், அது 60/55 வாட். பல்ப் பெரிதாயிற்று, வயரும் சுவிட்சும் பழையபடியே இருந்தன.

பாய் தரைவிரிப்பை நீக்கி அந்தக் கால் சுவிட்சின் இரண்டு திருகையும் எடுத்து மேலே தூக்கினார். அதன் அடியில் ஒரு பிடி மணல். நைசான, வெளிறிய மணல். முனைகளில் வெள்ளையும் பச்சையுமாக உப்புப் பூத்திருந்தது. பித்தளைத் தகட்டைச் சுரண்டினால் உள்ளே கறுத்திருந்தது. லைட் எரிந்து பத்து நிமிடம்தான் ஆகியிருந்தது, அதற்குள் விரல் வைக்க முடியாத சூடு.

"இது எந்தக் கடற்கரை மண்ணு?" என்று பாய் கேட்டார். எனக்குப் பார்த்ததும் தெரிந்துவிட்டது. ஒவ்வொரு அமாவாசைக்கும் அப்பா சேதுக்கரையில் முங்கிவிட்டு ஈரக்காலோடு வந்து வண்டி எடுப்பார். அவருக்குப் பிறகு நானும் அப்படியே செய்கிறேன். முப்பது வருடத்துக்கு மேல் இரண்டு பேருடைய இடது காலும் கொண்டுவந்து கொட்டிய உப்புத்தண்ணீரும் மணலும் அது. அந்த மணலை ஒரு காகிதத்தில் கொட்டித் தரச் சொல்லி வாங்கிக்கொண்டேன்.

வேலை இரண்டு நாள் நடந்தது. இரண்டு ரிலே, டிம்முக்கு ஒன்று, ஹைக்கு ஒன்று. ரிலே என்பது கரண்டாலேயே இயங்கும் ஒரு சுவிட்ச். பழைய சுவிட்சும் பழைய வயரும் இனி விளக்கை எரிக்க வேண்டாம், ரிலேவுக்குச் சைகை கொடுத்தால் போதும். அதற்குக் கால் ஆம்பியர்கூடத் தேவையில்லை. விளக்குக்கான கரண்ட் பேட்டரியிலிருந்து புது வயரில் நேராகப் போகும். ரிலேவின் காலில் எண் போட்டிருக்கும்: 30-க்குப் பேட்டரி, 87-க்கு விளக்கு, 86-க்குப் பழைய வயர், 85-க்கு எர்த். எங்கள் வண்டியில் நீல வயரில் சிவப்புக் கோடு போட்டது டிம், வெள்ளைக் கோடு போட்டது ஹை. அவற்றை ஹோல்டரிலிருந்து எடுத்து ரிலேக்களுக்குக் கொடுத்தார். புது வயர் 2.5 சதுர மில்லிமீட்டர். பேட்டரி பக்கத்திலேயே ஃப்யூஸ். இதற்கு முன் என் ஹெட்லைட்டுக்கு ஃப்யூஸே கிடையாது.

நம் கரையோரத்து வண்டிகளுக்கு மட்டும் சில விஷயம் சேர்த்துச் சொல்ல வேண்டும். எர்த்தை பாடியில் திருகி விட்டுவிடக் கூடாது. உப்புக்காற்றில் அந்தத் திருகைச் சுற்றி ஒரே வருடத்தில் துரு ஏறிவிடும், போகிற வழியில் தொலைந்த வோல்ட் திரும்புகிற வழியில் தொலையும். பாய் இரண்டு விளக்கிலிருந்தும் தனி எர்த் வயர் இழுத்து பேட்டரியின் நெகட்டிவிலேயே கட்டினார். ஒட்டுகிற இடமெல்லாம் ஈயம் வைத்து மேலே ரப்பர் குழாய் சுருக்கினார். ரிலேக்களைக் கால் கீழ்நோக்கி இருக்கும்படி மாட்டினார், அப்போதுதான் தண்ணீர் தேங்காது. பழைய பிளாஸ்டிக் ஹோல்டர் உருகிப் பழுப்பேறியிருந்தது, பீங்கான் ஹோல்டர் போட்டார். 100/90 கேள்விக்குப் பதில் அப்போதுதான் வந்தது: "அந்தச் சூட்டுக்குக் கிண்ணிக்குள்ள பூசுன பளபளப்பு உரிஞ்சிரும். சட்டத்துக்கும் ஆகாது. எதிர வர்றவனும் நம்மளாட்டம் வீட்டுக்குப் போகணும்ல?" அதே 60/55 எச்-4 பல்ப்தான் போட்டோம். நீலப் பூச்சு போட்டது வேண்டாம் என்றார். வெள்ளையாகத் தெரிவதற்காக அந்தப் பூச்சு வெளிச்சத்தில் கொஞ்சத்தைத் தின்றுவிடும்.

மறுபடி ஹோல்டரில் மீட்டர் வைத்தோம். 13.4.

விளக்குக் கிண்ணிகளும் போயிருந்தன. உள்ளே கரும்புள்ளி விழுந்து ஓரத்தில் உரிந்திருந்தது. ஏழு அங்குல வட்ட விளக்கு, பல பழைய வண்டிகளுக்கு அதே அளவுதான் என்பதால் தட்டுப்பாடு இல்லை. ஆன்லைனில் ஒரு ஜோடி வாங்கினேன். மாட்டிச் சுவரில் அடித்துப் பார்த்தால் வெளிச்சத்தின் கோடு வலப்பக்கம் ஏறுகிறது. நாம் இடப்பக்கம் போகிறவர்கள். டிம் லைட்டின் கோடு வலப்பக்கத்திலிருந்து நடுவரை மட்டமாக வந்து இடப்பக்கம் சரிவாக ஏற வேண்டும், அந்த ஏற்றம்தான் ரோட்டோரம் நடக்கிறவரைக் காட்டும். வலப்பக்கம் ஏறினால் எதிரே வருகிறவர் கண்ணில்தான் போய் விழும். அந்த ஜோடி வலப்பக்கம் ஓட்டுகிற நாடுகளுக்குச் செய்தது. சர்வதேச ‘ஈ’ (E) முத்திரை உள்ள விளக்குகளில் இதைக் கண்ணாடியிலேயே பார்க்கலாம். நமக்கான விளக்கில், முன்னால் நின்று பார்க்கிறவருக்கு வலப்பக்கம் காட்டும் அம்புக்குறி ஒன்று இருக்கும். வலப்பக்கம் ஓட்டுகிற நாடுகளுக்கானதில் அம்புக்குறி இருக்காது. திருப்பி அனுப்பிவிட்டு, மதுரையில் கடையில் போய் நேரில் பார்த்து வாங்கி வந்தேன். எல்லாம் சேர்த்து கூலியோடு 4,200 ரூபாய் ஆயிற்று.

கடைசி வேலையை நானே செய்தேன், அதில் எனக்கு மிகவும் திருப்தி. எங்கள் ஊர் ஐஸ் கம்பெனிக்கு ஒரு நீளமான வெள்ளைச் சுவர் உண்டு, முன்னால் தரை மட்டமாக இருக்கும். ராத்திரி ஒன்பதரைக்கு வண்டியைச் சுவரிலிருந்து 10 மீட்டர் தள்ளி நிறுத்தினேன். தரையிலிருந்து விளக்கின் நடு 76 செ.மீ. அதைவிட 10 செ.மீ. கீழே, 66-ல், சுவரில் சாக்பீஸால் நீளக் கோடு போட்டான் என் மகன். டிம் லைட்டின் மேல்விளிம்பு அந்தக் கோட்டில் உட்கார வேண்டும். அப்படி உட்கார்ந்தால் வெளிச்சம் 76 மீட்டர் தள்ளித்தான் தரையைத் தொடும், எதிரே வருகிறவர் கண்ணுக்கும் ஏறாது.

ஆனால் காலி வண்டியில் வைத்துவிட்டால் ஏமாந்துவிடுவோம். அம்பாசிடர் பின்பக்கம் பட்டை வில். டிக்கியில் வலைக்கட்டு ஏற்றினால் இறங்கிவிடும். பின்பக்கம் 5 செ.மீ. இறங்கினால் 10 மீட்டர் தள்ளி வெளிச்சம் 20 செ.மீ. ஏறும், நாம் இறக்கி வைத்த பத்தும் போய் அதற்கு மேல் பத்து ஏறி நிற்கும். நான் எப்போதும் சுமையோடுதான் போகிறேன். அதனால் டிக்கியில் இரண்டு வலைக்கட்டு, பின்சீட்டில் ஐஸ் கம்பெனிப் பையன்கள் இரண்டு பேர், எல்லாம் ஏற்றி வைத்துக்கொண்டுதான் திருகைத் திருப்பினேன். மேலே ஒரு திருகு உயரத்துக்கு, பக்கத்தில் ஒரு திருகு திசைக்கு. மகன் சுவர் பக்கத்தில் நின்று, "அப்பா, இடது லைட் இன்னும் ஒரு விரக்கடை எறங்கணும்... ம், போதும் போதும், நிறுத்து" என்று சொல்லிக்கொண்டே இருந்தான். ஒன்றை வைக்கும்போது மற்றதைச் சாக்குப் போட்டு மூடிவிட வேண்டும், இல்லாவிட்டால் எது எந்தக் கோடு என்றே தெரியாது.

எதிரே வருகிறவருக்குக் கண் கூசக் கூடாதென்று பழைய கண்ணாடியில் அப்பா போட்டிருந்த கறுப்புப் பொட்டைப் புதியதில் நான் போடவில்லை. வெளிச்சம் கிண்ணி முழுவதிலிருந்தும் வருகிறது, நடுவில் பொட்டு வைத்தால் கூச்சம் போகாது, கொஞ்சம் வெளிச்சம்தான் போகும். கோடு சரியாக இறங்கியிருந்தால் கூச்சம் தானாகவே இருக்காது.

அந்த விறகு ஐயாவை மார்கழிக் கடைசியில் மறுபடி பார்த்தேன், அதே உப்பூர்ப் பக்கம், அதே மாதிரி சைக்கிள். இந்த முறை வெகு தூரத்திலேயே, முதலில் இரண்டு கால்கள், பிறகு விறகின் அடிமுனை, பிறகு ஆள் என்று தெரிந்தது. பக்கத்தில் நிறுத்தி, வள்ளங்களுக்கு ஒட்ட நான் கடையில் விற்கிற பளபளப்பு டேப்பில் இரண்டு துண்டு கிழித்து, அவர் சைக்கிளின் பின் மட்காடிலும் விறகுக்கட்டைக் கட்டியிருந்த கயிற்றிலும் ஒட்டினேன். அவருக்கு என்னை ஞாபகம் இல்லை. "இது எதுக்குப்பா?" என்றார். சொன்னேன். தலையை ஆட்டிவிட்டுத் தள்ளிக்கொண்டு போனார்.

தை அமாவாசைக்கு அம்மாவையும் அத்தையையும் கூட்டிக்கொண்டு விடியற்காலை நாலு மணிக்குச் சேதுக்கரை கிளம்பினேன். ராமநாதபுரம் தாண்டி, திருப்புல்லாணி தாண்டினால் ரோடு சின்னதாகிவிடும். டிம்மில்தான் போனேன். இடப்பக்கம் ஏறுகிற அந்தச் சரிவு வெளிச்சத்தில் ஓரமாக நடந்து போகிறவர்கள் ஒவ்வொருவராக வந்துகொண்டே இருந்தார்கள். தோளில் துண்டு போட்டவர்கள், மஞ்சப்பை பிடித்தவர்கள், தூங்குகிற பிள்ளையை இடுப்பில் வைத்த ஒரு பெண், கைத்தடியோடு ஒரு பாட்டி. அம்மா முன்சீட்டில் சாய்ந்திருந்தவர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"இந்த ரோட்டுல இவ்வளவு பேரா நடந்து போறாக?" என்றார். "வருசா வருசம் வாரோம். நான் ஒருத்தரையும் பாத்ததில்லையே."

முழுகிவிட்டு வந்ததும் குடிக்க வைத்திருந்த பாட்டில் தண்ணீரை ஊற்றி இரண்டு கண்ணாடியிலும் படிந்திருந்த உப்பைத் துடைத்தேன். பிறகு கதவைத் திறந்து வைத்துக்கொண்டு சீட்டில் பக்கவாட்டில் உட்கார்ந்து, துண்டால் இடது காலின் மணலை விரலிடுக்கு வரை தட்டிவிட்டுத்தான் காலை உள்ளே வைத்தேன்.